மணிக்கு ஒரு ரயில் ஓடும் கிளைப் பாதைக்குக் கம்பி இழுக்கலாமா?

கேள்வி இதுதான். 70 கிலோமீட்டர் ஒற்றைத் தடம். மின்மயமான பெரிய பாதையிலிருந்து ஒரு ஜங்ஷனில் பிரிந்து போகிறது. காலை முதல் இரவு வரை மணிக்கு ஒரு வண்டி, இரு திசையிலும், மூன்று பெட்டி டீசல் ரேக் (பெட்டிகள் சேர்ந்த ஒரு முழு வண்டி). தடத்துக்கு மேலே மின்கம்பி இழுத்து இதை மின்மயமாக்கினால் கட்டுப்படியாகுமா, டீசலே போதுமா, பேட்டரி ரயில் வந்தபிறகு இந்தக் கேள்வியே பழசாகிவிட்டதா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 70 கிலோமீட்டருக்கும் கம்பி இழுத்தால் அநேகமாகக் கட்டுப்படியாகாது. இன்னும் 30 ஆண்டுகளுக்கு டீசலே ஓட்டுவதும் நஷ்டம்தான். அந்த 70-ல் எந்த 25 கிலோமீட்டருக்குக் கம்பி போடுவது என்பதுதான் இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

பலரும் எரிபொருள் விலையிலிருந்து தொடங்குவார்கள், நாமும் அங்கேயே தொடங்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகையாகவும் போய்விடும். ஆக ஒரு லிட்டருக்குச் சக்கரத்தில் கிடைப்பது 3 அல்லது 3.5 யூனிட். அதே வேலையை மின்சாரத்தில் செய்ய, துணை மின்நிலைய மீட்டரில் சுமார் 4 யூனிட் ஓடும், ஏனென்றால் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மோட்டாரிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒரு லிட்டருக்கு 4 யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே டீசல் வாங்கும் விலையை அதே ரயில்வே மின்சாரம் வாங்கும் யூனிட் விலையால் வகுத்துப் பார்த்தால், 4-க்கு மேல் வந்தால் மின்சாரம் மலிவு, கீழே வந்தால் டீசல் மலிவு. இந்த இரண்டு விலையிலும் வரிதான் பெரிய பங்கு வகிக்கிறது. ரயில் டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்துவிட்டு மின்சாரத்தின் மேல் வரிக்கு மேல் வரி போடும் அரசு, எஞ்சினீயர்கள் என்ன சொன்னாலும் டீசலைத்தான் ஜெயிக்க வைக்கும்.

இந்த 4 என்ற எண், நிறுத்தாமல் ஓடும் வண்டிக்குத்தான் சரி. வட்டார ரயில் அப்படி ஓடுவதில்லை. நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் பிரேக், பிறகு மறுபடியும் வேகம் எடுப்பது. பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்ப மின்சார வண்டியால் முடியும். சான்ஃப்ரான்சிஸ்கோவுக்கும் சான்ஹோசேக்கும் இடையே ஓடும் கால்ட்ரெயின் 2024 செப்டம்பரில் டீசலை விட்டு மின்சார வண்டிக்கு முழுக்க மாறியது. இழுத்த மின்சாரத்தில் 23 சதவீதத்தை பிரேக் வழியாகத் திருப்பித் தருவதாக அவர்கள் கணக்குச் சொன்னார்கள். டீசல் வண்டியில் அந்த ஆற்றல் முழுவதும் சூடாகிக் காற்றில் போகும். போதாததற்கு, டெர்மினஸில் அரை மணி நேரம் நிற்கும்போதும் ஏசிக்காகவும் பிரேக் காற்றுக்காகவும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அடிக்கடி நின்று போகும் பாதையில் 4 என்ற எல்லை 3-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

சரி, இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதை மின்மய ஆதரவாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மின்சாரக் கட்டணத்தில் யூனிட் கட்டணம் ஒரு பகுதி, டிமாண்ட் சார்ஜ் இன்னொரு பகுதி. அதிகபட்சமாக எவ்வளவு சுமை இழுத்தீர்கள் என்பதற்கும் பணம் கட்ட வேண்டும். பெரிய பாதையில் ஒரே துணை மின்நிலையத்தின் கீழ் எப்போதும் நாலைந்து வண்டிகள் இருக்கும், ஒன்று வேகம் எடுக்கும்போது இன்னொன்று பிரேக் போடும், சுமை ஓரளவு சமமாக இருக்கும். கிளைப் பாதையில் ஒரு வண்டி புறப்படும்போது 2 மெகாவாட் இழுக்கும், அப்புறம் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. சராசரி குறைவு, உச்சம் அதிகம். யூனிட்டுக்கு வந்து விழும் விலை பெரிய பாதையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். 25 கிலோவோல்ட் பாதைக்கு 110 அல்லது 132 கிலோவோல்ட் அளவில் பலமான கிரிட் (பொது மின்கட்டமைப்பு) இணைப்பும் வேண்டும், ஏனென்றால் மூன்று ஃபேஸில் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் ரயில் சுமை இழுக்கிறது, கிரிட் பலவீனமாக இருந்தால் சமநிலை கெட்டுப்போகும். ஒதுக்குப்புறமான வட்டாரத்தில் அந்த மின்கோபுர வரிசையே 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், அங்கிருந்து இழுத்து வரும் செலவும் ரயில் திட்டத்தின் தலையில்தான் விழும்.

இவ்வளவு சொன்னாலும், எரிபொருள் செலவை நான் முக்கியமான பகுதியாகக் கருதவில்லை. பணம் இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது, ஒன்று பணிமனை, இன்னொன்று கால அட்டவணை.

பணிமனைக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2009-ல் பிரிட்டன் போக்குவரத்துத் துறை மின்மயம் பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டது. பெட்டி ஒன்று ஒரு மைல் ஓடுவதற்கு டீசலில் பராமரிப்பு 60 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு), மின்சாரத்தில் 40. எரிபொருள் டீசலில் 47, மின்சாரத்தில் 26. தண்டவாளத் தேய்மானம் 9.8-க்கு 8.5. பெட்டியின் ஆண்டுக் குத்தகை டீசலுக்கு 1,10,000 பவுண்டு, மின்சாரத்துக்கு 90,000. பராமரிப்பில் மிச்சமாகும் தொகையும் எரிபொருளில் மிச்சமாகும் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். டீசல் வண்டியில் எண்ணெய் மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், கூலன்ட் பார்க்க வேண்டும், இன்ஜெக்டர், டர்போ, கியர்பாக்ஸ், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சினையே இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும். மெமு எனப்படும் மின்சார வட்டார வண்டிகளின் பணிமனையில் இதில் பெரும்பாலானவை கிடையாது. கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் கார்பன் பட்டையைப் பார்ப்பது, மெயின் சர்க்யூட் பிரேக்கரைப் பார்ப்பது, மற்றபடி சக்கரம், பிரேக், கதவு, ஏசி என்று இரண்டுக்கும் பொதுவான வேலைகள்தான்.

அடுத்தது கால அட்டவணை. வட்டார ரயிலில் அதிகம் மதிப்புள்ள இடம் இது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பெரும்பாலான ஒப்பீடுகளில் இது வருவதே இல்லை. ஜெர்மனியின் 642 வகை டீசல் ரயில்காரில் 275 கிலோவாட் எஞ்சின் இரண்டு, வண்டி எடை 70 டன்னுக்குப் பக்கம். டன்னுக்கு 8 கிலோவாட். ஸ்டாட்லர் நிறுவனத்தின் ஃப்ளர்ட் என்ற நாலு பெட்டி மின்சார வண்டி தொடர்ச்சியாக 2,000 கிலோவாட் தரும், எடை 120 டன் அளவு, அதாவது டன்னுக்கு 16-க்கு மேல். குறுகிய நேரத்துக்கு அதைவிட அதிகமாகவும் இழுக்கும். இதனால் நின்று நின்று போகும் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம், முக்கால் நிமிடம் மிச்சமாகும்.

இந்த மிச்சம் காசாக மாறுவது எப்படி என்று பாருங்கள். முனைக்கு முனை 55 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் திரும்ப 10 நிமிடம் என்று வைத்தால், ஒரு சுற்று 130 நிமிடம். மணிக்கு ஒரு வண்டி விட மூன்று ரேக் வேண்டும். 14 நிறுத்தங்களில் சேர்த்து 7 நிமிடம் மிச்சமானால் 48 நிமிடம், ஒரு சுற்று 116 நிமிடம். அதே சேவையை இரண்டு ரேக் கொண்டே நடத்திவிடலாம். ஒரு முழு ரேக்கும் நாள் முழுக்க அதை ஓட்டும் லோகோ பைலட்டுகள், கார்டுகளின் சம்பளமும் மிச்சம். பல பாதைகளில் எரிபொருளில் மிச்சமாவதைவிட இது பெரிய தொகை. ஆனால் 60 நிமிடத்திலிருந்து 53 ஆகக் குறைந்தால் சுற்று 140-லிருந்து 126 ஆகும், அப்போதும் மூன்று ரேக்தான் வேண்டும், மிச்சம் ஒன்றுமில்லை. அதே ஏழு நிமிடம் ஒரு பாதையில் ஒரு ரேக்கைத் தருகிறது, பக்கத்துப் பாதையில் முனையில் கூடுதலாக நிற்க மட்டும் பயன்படுகிறது. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு வழிவிடும் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் இதில் சேரும். அட்டவணையை உட்கார்ந்து வரையாமல் மின்மயத்தின் லாபத்தைச் சொல்லவே முடியாது.

இப்போது கம்பியின் பக்கம் வருவோம். டீசலில் செலவு வண்டி ஓடினால்தான் வரும், ஓடாவிட்டால் வராது. கம்பியில் செலவு நாளுக்கு ஒரு வண்டி போனாலும் நூறு வண்டி போனாலும் வந்துகொண்டே இருக்கும். ஆக, கம்பியின் கீழ் எத்தனை பெட்டி போகிறது, கம்பிக்கு வாங்கிய கடனுக்கு என்ன வட்டி, இந்த இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

மேலே சொன்ன 2009 பிரிட்டன் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்டி-மைலுக்குப் பராமரிப்பில் 20 பென்ஸ், எரிபொருளில் 21, தேய்மானத்தில் ஒன்றேகால், கூட்டினால் 42 பென்ஸ். குத்தகையில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு மிச்சம், ஒரு பெட்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடுகிறது என்று வைத்தால் இன்னொரு 20 பென்ஸ். மொத்தம் 62. மூன்று பெட்டி ரேக் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1.16 பவுண்டு மிச்சம். மணிக்கு ஒன்று, 18 மணி நேரம், இரு திசை என்றால் நாளுக்கு 36 வண்டி, ஆண்டுக்கு 13,140. பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆண்டுக்குச் சுமார் 15,000 பவுண்டு மிச்சப்படுத்துகிறது. இதை 4 சதவீத வட்டியில், 40 ஆண்டுத் தவணையாக வைத்தால், எவ்வளவு கடனைத் தாங்கும்? ஏறக்குறைய 3 லட்சம் பவுண்டு. ஒரு கிலோமீட்டருக்கு 3 லட்சத்துக்குள் கம்பி போட முடிந்தால் பணம் திரும்பி வரும், அதற்கு மேல் போனால் வராது. கம்பியின் பராமரிப்பையும் சேர்த்தால் எல்லை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும், ஒரு ரேக் மிச்சமானால் மேலே ஏறும்.

இதே கணக்கில் வட்டியை மட்டும் மாற்றுங்கள். 2 சதவீதம் என்றால் 4 லட்சத்துக்கு மேல் தாங்கும். 8 சதவீதம் என்றால் 1.8 லட்சம்தான். எரிபொருள் விலை பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள், கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்று கேட்பதே இல்லை. அரசே நீண்டகாலக் கடனில் கட்டும் நாட்டில் மின்மயம் கட்டுப்படியாகிறது, நாலைந்து ஆண்டு ஒப்பந்தம் மட்டுமே கையில் இருக்கும் தனியார் ரயில் நிறுவனத்துக்கு அதே பாதையில் கட்டுப்படியாகாது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி.

கம்பி போடும் செலவு நாட்டுக்கு நாடு நம்ப முடியாத அளவு மாறுகிறது. பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் மின்மயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்டன்ஹெட் முதல் கார்டிஃப் வரையிலான வேலைக்கு 2014-ல் போட்ட மதிப்பீடு 2016-க்குள் 120 கோடி பவுண்டு கூடி 280 கோடியானது. ஆக்ஸ்ஃபோர்டு, பாத் உள்ளிட்ட சில பகுதிகளைத் தள்ளிவைத்தார்கள், 2017 ஜூலையில் கார்டிஃப்–ஸ்வான்சீ பகுதியை ரத்தே செய்தார்கள். காரணங்கள் பல, ஆனால் அடிப்படை ஒன்றுதான். இருபது ஆண்டுகளுக்குப் பெரிதாக எதையும் மின்மயமாக்காமல் விட்டதில், தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், வேலைப் பழக்கம் போய்விட்டது. தூண் நட அஸ்திவாரம் அடிக்கும்போது பழைய சிக்னல் கேபிள்கள் எங்கே ஓடுகின்றன என்பதற்குச் சரியான பதிவு இல்லாமல் அவற்றையே உடைத்தார்கள். புது வகை உபகரணம், புது இயந்திரம், புது ஆட்கள், எல்லாம் ஒரே நேரத்தில்.

அதே பாதையில் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் ஒரு பழைய பாலம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளது. பாலத்துக்கு அடியில் கம்பி தாழ வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே லெவல் கிராசிங், அங்கே லாரி போக வேண்டும் என்பதால் கம்பி உயர வேண்டும். இரண்டுக்கும் இடையே கம்பி செங்குத்தாக ஏறினால் வேகமாகப் போகும் பாண்டோகிராஃப் கம்பியை விட்டு விலகிப்போகும் என்று விதி சொல்கிறது. பாலத்தை இடித்து உயர்த்திக் கட்டுவதுதான் வழி என்று அனுமதி கேட்டு அலைந்தார்கள், வண்டிகளுக்கு அங்கே வேகக் கட்டுப்பாடும் போட்டார்கள். கடைசியில் கம்பியும் பாண்டோகிராஃபும் சேர்ந்து எப்படி அசைகின்றன என்பதைக் கணினியில் சரியாகப் பார்த்தபோது, பாலத்தைத் தொடாமலே மணிக்கு 110 மைல் போகலாம் என்று தெரிந்தது. பல இடங்களில் கம்பியின் விலை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் பாலத்தின் விலை, குகைப்பாதையின் விலை, சிக்னல் கேபிளை மாற்றும் விலைதான். தூணும் கம்பியும் அதில் ஒரு பகுதிதான்.

மறுபக்கம் இந்தியாவைப் பாருங்கள். 2018 செப்டம்பரில் மீதமிருந்த அகலப் பாதைகளில் 13,675 கிலோமீட்டரை மின்மயமாக்க மத்திய அரசு 12,134 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் கொடுத்தது. பாதை கிலோமீட்டருக்கு ஒரு கோடிக்கும் குறைவு. கூலி வேறு, வேகம் வேறு, பாலங்கள் வேறு, ஆகவே நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்றைப் பிரித்துச் சொல்லலாம், ஆண்டுக்கு ஆண்டு விடாமல் ஒரே வடிவமைப்பில் ஒரே அணிகள் போட்டுக்கொண்டே போனால் விலை இறங்கும், நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் ஏறும். நம்முடைய கணக்கில் வந்த 3 லட்சம் பவுண்டு எல்லைக்குள் ஒரு நாடு நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் இந்த ஒழுங்கைப் பொறுத்தது.

இன்னொரு விஷயம், கம்பி இல்லாத இடைவெளியின் விலை. அமெரிக்காவில் மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் 1914 தொடங்கி மலைப்பகுதிகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் 656 மைல் பாதையை மின்மயமாக்கியது. ஆனால் அது இரண்டு துண்டு. நடுவில் ஏவெரியிலிருந்து ஒத்தெல்லோ வரை கம்பியே போடவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு முனையிலும் எஞ்சின் மாற்ற வேண்டும், இரண்டு வகை லோகோ, இரண்டு வகை ஷெட் வைத்திருக்க வேண்டும். டீசல் வந்ததும் அது இடைவெளியைத் தாண்டி முழு தூரமும் ஓடியது, மின்சாரத்தின் லாபம் கரைந்துபோனது. பழசான உபகரணத்தைப் புதுப்பிக்காமல், செப்புக் கம்பியை விற்றால் காசு வரும் என்று பார்த்து, 1974 ஜூனில் மின்சார ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை எகிறிய சில மாதங்களிலேயே அது நடந்தது. ரயிலின் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவுகளில் அதுவும் ஒன்று.

இதைத் திருப்பிப் போட்டால் கிளைப் பாதைக்கு நல்ல செய்தி. பெரிய பாதை மின்மயமாகிவிட்ட வட்டாரத்தில், கிளைக்குப் போகும் டீசல் வண்டி பெரும்பாலும் நகரத்திலிருந்து புறப்பட்டுக் கம்பியின் கீழேயே 100 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் கடைசி 20, 30 கிலோமீட்டருக்காக டீசலைச் சுமந்துகொண்டு போகிறது. அந்த 30 கிலோமீட்டரை மாற்றினால் முழு 130 கிலோமீட்டருக்கும் மிச்சம் கிடைக்கும். அப்படிப்பட்ட இடைவெளியை அடைக்கும் கம்பிதான் மின்மயத்திலேயே அதிக லாபம் தருவது. ஆறேழு டீசல் ரேக்குகளுக்காகத் தனியாக எரிபொருள் நிலையம், உதிரி எஞ்சின், தெரிந்த ஃபிட்டர்கள் என்று வைத்திருக்கும் ஷெட்டையும் மூடிவிடலாம். டீசல் வண்டிகள் குறையக் குறைய மிச்சமிருக்கும் ஒவ்வொன்றின் பராமரிப்பும் விலை ஏறும், உதிரி பாகமும் கிடைக்காது.

ஹைட்ரஜனைப் பற்றியும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்திலிருந்து ஹைட்ரஜன் செய்து, அழுத்தி, கொண்டுபோய், மறுபடி மின்சாரமாக்கி ஓட்டினால், கம்பியில் ஓடுவதற்கு ஆவதைப்போல மூன்று மடங்கு மின்சாரம் தேவை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2022 ஆகஸ்டில் பிரெமர்ஃபோர்டே பகுதியில் 14 ஹைட்ரஜன் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, இனி வாங்குவது பேட்டரி வண்டிதான், அதுதான் ஓட்டுவதற்கு மலிவு என்று அறிவித்தது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் தன் பாதைகளுக்குச் செய்த ஆய்வில் ஹைட்ரஜன் மற்ற வழிகளைவிட 80 சதவீதம் வரை கூடுதல் செலவு என்று வந்தது. வட்டார ரயிலுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து.

பேட்டரிதான் கணக்கை உண்மையிலேயே மாற்றியது. ஜப்பானில் ஜேஆர் ஈஸ்ட் என்ற ரயில் நிறுவனம் 2014-ல் கரசுயாமா கிளைப் பாதையில் பேட்டரி ரயிலை விட்டது. உத்சுனோமியாவிலிருந்து பெரிய பாதையின் கம்பியின் கீழ் வரும், கிளையில் 20.4 கிலோமீட்டர் பேட்டரியில் ஓடும், கடைசி நிலையத்தில் மட்டும் ஒரு சிறிய துண்டு கம்பி, அங்கே சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2019-ல் 55 பேட்டரி ஃப்ளர்ட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, 2023 அக்டோபரில் அவை ஓடத் தொடங்கின. வேல்ஸில் கார்டிஃப் சுற்றுவட்டாரப் பாதைகளில் கம்பியை விட்டு விட்டுப் போட்டிருக்கிறார்கள். இடிக்க வேண்டிய பாலங்களுக்கு அடியில் மின்சாரமே இல்லை, வண்டி பேட்டரியில் தாண்டிவிடும்.

இதன் பொருளாதாரம் இங்கேதான் இருக்கிறது. கம்பியில் அதிகச் செலவு பிடிக்கும் கிலோமீட்டர்களை, அதாவது பாலம், குகை, பழைய நிலையக் கூரை, லெவல் கிராசிங் உள்ளவற்றை, விட்டுவிடலாம். மலிவான கிலோமீட்டர்களில் மட்டும் போடலாம். சராசரி விலையும் குறையும், நீளமும் குறையும்.

ஆனால் எங்கே போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலையத்தில் நிற்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். நிற்கும் வண்டியில் பாண்டோகிராஃப் கம்பியின் ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அந்தப் புள்ளி சூடாகும். அதனால் நிற்கும்போது இழுக்கக்கூடிய மின்னோட்டத்துக்கு வரம்பு உண்டு, 25 கிலோவோல்ட் பாதைக்கு ஐரோப்பியத் தரத்தில் ஒரு பாண்டோகிராஃபுக்கு 80 ஆம்பியர். ஓடும் வண்டியில் தொடும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, கூடுதலாக இழுக்கலாம். வண்டி தாமதமாக வந்து ஐந்தே நிமிடத்தில் திரும்ப வேண்டியிருந்தாலும், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் பாதையில் பிரச்சினை வராது, நிலையத்தில் மட்டும் ஏற்றும் பாதையில் ஒரு தாமதம் நாள் முழுக்கத் தொடரும். ஆகவே முனை நிலையத்தோடு சேர்த்து அதை ஒட்டிய பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கும் கம்பி போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏற்றம் இருக்கும் இடத்திலும் கம்பி இருந்தால் நல்லது, அங்கேதான் அதிக ஆற்றல் வேண்டும்.

உங்கள் 70 கிலோமீட்டருக்கு இதை வைத்துப் பார்க்கலாம். ஜங்ஷனிலிருந்து 15 கிலோமீட்டர், மறுமுனையில் 10 கிலோமீட்டர் கம்பி. நடுவில் 45 கிலோமீட்டர் பேட்டரி. மூன்று பெட்டி வண்டி பேட்டரி எடையோடு கிலோமீட்டருக்கு 5 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால் 225 யூனிட் தேவை. பேட்டரியை முழுக்க வடித்துப் பயன்படுத்தினால் சீக்கிரம் கெட்டுவிடும், பாதியளவு பயன்படுத்துவது நல்லது, ஆக 450 யூனிட் பேட்டரி. இது இன்றைய வண்டிகளில் வைக்கக்கூடியதுதான். 2009 விலையிலேயே, இந்த மாதிரிப் பாதையில் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 6 லட்சம் பவுண்டு ஆகிறது, அதாவது எல்லையைப்போல இரண்டு மடங்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாதைக்கும் 4.2 கோடி, 4 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 21 லட்சம். வண்டி ஓட்டத்தில் மிச்சமாவது ஆண்டுக்கு 10.7 லட்சம். ஒத்துவரவில்லை. 25 கிலோமீட்டருக்கு மட்டும் என்றால் 1.5 கோடி, தவணை 7.6 லட்சம். கையில் 3 லட்சம் மிஞ்சுகிறது. சார்ஜ் ஏற்றி இறக்குவதில் பத்துப் பதினைந்து சதவீத இழப்பு, சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவு, கம்பிப் பராமரிப்பு எல்லாம் அந்த 3 லட்சத்திலிருந்து வர வேண்டும். இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் நடக்கக்கூடிய கணக்கு. ஒரு ரேக் மிச்சமானால் தாராளம்.

மணிக்கு ஒன்று என்பது அரை மணிக்கு ஒன்றாக மாறினால், முழுக் கம்பியே கட்டுப்படியாகும் நிலைக்கு வந்துவிடும், மேலே உள்ள எண்ணை இரட்டித்துப் பாருங்கள். அப்போது முன்பு போட்ட 25 கிலோமீட்டர் வீணாகாது, இரண்டு துண்டுகளையும் நீட்டிக்கொண்டே போய்ச் சேர்த்துவிடலாம். அதனால் முதல் நாளிலேயே துணை மின்நிலையத்துக்குக் கூடுதல் இடம் விட்டு, புதிதாகக் கட்டும் எந்தப் பாலத்தையும் கம்பிக்கான உயரத்தோடு கட்டிவிட வேண்டும், இதற்கு அப்போது ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. மாறாக, நாளுக்கு நாலைந்து வண்டி மட்டுமே போகும் பாதை என்றால் கம்பியைப் பற்றி யோசிக்க வேண்டாம். இருக்கும் டீசல் வண்டியை நன்றாக வைத்துக்கொண்டு, டெர்மினஸில் வெளி மின்சாரம் கொடுத்து எஞ்சினை அணைத்துவைப்பதே போதும்.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், இப்போது ஓடும் டீசல் ரேக்குகள் எப்போது ஓய்வுபெறுகின்றன என்பது. ரேக் 30, 35 ஆண்டு ஓடும், புது டீசல் வாங்கிவிட்டால் அடுத்த 30 ஆண்டுக்குக் கம்பிக் கணக்கு எதுவும் எடுபடாது, ஏனென்றால் நல்ல நிலையில் இருக்கும் வண்டியைத் தூக்கிப்போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கிரிட் இணைப்புக்கு விண்ணப்பித்து, வடிவமைத்து, கம்பி போட்டு, வண்டிக்கு ஆர்டர் கொடுத்து வாங்க ஏழெட்டு ஆண்டு எளிதில் ஓடிவிடும். உங்கள் ரேக்குகளுக்கு இன்னும் பத்து ஆண்டு ஆயுள்தான் மிச்சம் என்றால், கிரிட் இணைப்பு விண்ணப்பத்தை இந்த ஆண்டே கொடுக்க வேண்டும்.